கட்டியை எடுத்தார்கள், கரும்பலகையை நான் விடவில்லை

போன மாதம் வேங்கிக்காலில் ஒரு புதுமனைப் புகுவிழா. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"டாக்டருங்க எவ்ளோ வருஷம்னு சொல்லியிருக்காங்க?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தலையில் ஆபரேஷன் நடந்தால் காதும் போய்விடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏழுமலை சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. சாம்பார் வாளி வந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் பதில் சொன்னேன்.

"உங்களுக்கு எவ்ளோன்னு சொல்லியிருக்காங்க மாமா? எனக்கும் அவ்ளோதான்."

அவர் அவசரமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். பாயசம் நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிக் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு பந்தியிலும் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு வந்த கட்டி ரொம்ப அரிதானது. நாளைக்கு யாருக்காவது வந்தால், இப்படி ஒருத்தி இருக்கிறாள், நடமாடுகிறாள், பாயசம் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள் என்று தெரியட்டும்.

என் பெயர் தேன்மொழி. திருவண்ணாமலையில் அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையில் என் வீட்டுக்காரருக்கு ஒரு டீக்கடை. எங்களோடு அவருடைய அக்கா பச்சையம்மாவும் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். கடைக்கு வடை சுடுவது அவர்தான். பௌர்ணமி அன்று அண்ணியின் கை நிற்காது, வாயும் நிற்காது.

ஆரம்பம் தலைவலிதான். காலையில் கண் விழிக்கும்போதே இருக்கும், இரண்டாவது பீரியடுக்குள் அடங்கிவிடும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தலைமையாசிரியர் பிரஷர் பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். அண்ணி இது திருஷ்டி என்று மூன்று தெரு மண்ணெடுத்து மிளகாயோடு சுற்றி அடுப்பில் போட்டார். நான் மட்டும் விடைத்தாள் திருத்துகிற அலுப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு வாந்தி வர ஆரம்பித்தது. குமட்டல் எதுவும் இருக்காது, திடீரென்று வந்துவிடும். அப்போதும் வயிற்றைத்தான் சந்தேகப்பட்டோம்.

ஒரு நாள் வகுப்பில் சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால் கரும்பலகையைக் காணோம். யாரோ ஸ்விட்சை அணைத்துப் போட்ட மாதிரி ஒரு நொடி இருட்டு. பலகை திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கண் டாக்டரிடம் போனேன். அந்தம்மா விளக்கை வைத்து இரண்டு கண்ணையும் உள்ளே வரை பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "உங்க கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒருத்திதான் வந்திருக்கிறேன், எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள் என்றேன். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வீங்கியிருக்கிறது, அப்படி வீங்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள், நாளைக்கு என்று தள்ளினால் பார்வைக்கே ஆபத்து என்றார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பது ஒரு குழாய்க்குள் படுத்துக்கொண்டு, வெளியே யாரோ ஓயாமல் தகரம் தட்டுவதைக் கேட்பது. வலி கிடையாது. நடுவில் கையில் ஒரு மருந்து ஏற்றுவார்கள், கட்டி இருந்தால் அது படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக. நான் பகா எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்தபோது ஏழுமலை கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். கையில் டீ வடிகட்டி. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே காத்திருக்கும் அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. "உங்களுக்கு எங்க?" என்று கேட்கிறார்கள். ஊரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் திருவண்ணாமலை என்றேன். கேட்ட அம்மா தன் தலையின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு அங்கே. எனக்கு நடுவில் என்றேன். "நடுவுலயா, அடக் கடவுளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத அந்தக் கை எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் மாதிரி ஒன்று ஊறி, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய், கடைசியில் வடிந்துவிடும். என் கட்டி அப்படி ஓர் அறையில் வளர்ந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, மூளையையும் கண் நரம்பையும் அழுத்துகிறது. கட்டியின் பெயர் சென்ட்ரல் நியூரோசைட்டோமாவாக இருக்கலாம், எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி. அது கெட்ட ஜாதிக் கட்டி இல்லை, மெதுவாக வளர்வது. ஆனால் உட்கார்ந்திருக்கிற இடம் கெட்டது.

"சரியாகிறவங்க எத்தனை சதவீதம் சார்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் நல்லா வர்றாங்கம்மா. முழுசா எடுக்க முடிஞ்சா திரும்ப வர்றது கம்மி. மிச்சம் இருந்தா கதிர்வீச்சு கொடுக்கலாம். ஆனா இது ரொம்ப அரிது. எழுதி வெச்சிருக்கிற கேஸே கம்மிதான்."

"அப்ப எத்தனை பேரை வெச்சுப் போட்ட கணக்கு சார் அது?"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கணக்கு டீச்சர்."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்புச் சராசரியை வைத்துக்கொண்டு என்னால் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்ல முடியாது. நாற்பது பேர் உள்ள வகுப்பிலேயே முடியாது. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துப் போட்ட சராசரியைக் காட்டி என்னை யாரும் பயமுறுத்த வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம் என்று அங்கேயே முடிவு பண்ணினேன். ஆனால் அடுத்து அவர் சொன்னது சதவீதம் இல்லை.

"ஒரு விஷயம் மறைக்காம சொல்லிடறேன். புதுசா நடக்கிறதை ஞாபகம் வெச்சுக்கிற நரம்பு அந்த வழியிலதான் போகுது. அது மேல கை படாம பார்த்துப்போம். படவே படாதுன்னு சொல்ல முடியாது. கொஞ்ச நாள் மறதி இருக்கலாம். சில பேருக்கு அப்படியே தங்கிடவும் செய்யலாம்."

"நான் வகுப்பு எடுக்க முடியுமா?"

"அதை முடிச்சப்புறம்தாம்மா சொல்ல முடியும்."

எனக்குச் சாவு பயம் இல்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், இருந்தது. ஆனால் அதைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது. என் அம்மா, அப்பா கழனியில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் முதல்முதலாகச் சாக்பீஸ் பிடித்த கை என்னுடையது. பலகை முன்னால் நிற்கும்போது நான் யாருக்கும் மகளும் இல்லை, மனைவியும் இல்லை, முழு ஆளாக நிற்பேன். கண் போனாலும் அது போய்விடும், ஞாபகம் போனாலும் போய்விடும். உயிரை மட்டும் மிச்சம் வைத்து மற்றதை எடுத்துக்கொள்கிற வியாபாரத்துக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, சாமான் எடுத்து வர ஊருக்கு அனுப்பினார்கள். இங்கேதான் எங்கள் வீட்டு முட்டாள்தனம் வருகிறது. அண்ணி ஏற்கெனவே குலதெய்வத்துக்கு என் முடியை நேர்ந்துகொண்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. மூளை ஆபரேஷன் என்றால் தலையை மழித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதும் அவருக்குப் பெரிய கவலை வந்துவிட்டது.

"சாமிக்கு நேர்ந்த முடிய அங்க எவனோ வழிச்சி குப்பையில போட்டா சாமி குத்தம் ஆயிடாதா? முன்னாடியே குடுத்துடலாம் மொழி. அவங்களுக்கும் வேலை கம்மி."

இதில் எனக்கும் ஒரு நியாயம் பட்டது, அதை மறைக்கவில்லை. இடுப்பு வரை முடி எனக்கு. எப்படியும் போகப்போகிறது, அது யார் கையில் எங்கே போக வேண்டும் என்பதையாவது நான் முடிவு பண்ணுகிறேன் என்று வீம்பு. கிளம்புகிற அன்று விடியற்காலையில் எங்கள் குலதெய்வமான அம்மனின் கோயில் வாசலில் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் பாதியில் இருக்கும்போது எனக்கு வாந்தி வந்து தலை உதறிவிட்டது. அவர் பயந்துபோனார், அதற்குப் பிறகு அவர் கையும் நடுங்கியது. அங்கங்கே கீறல். அண்ணி அதன் மேல் சந்தனத்தைக் குழைத்துத் தடவி, "குளுகுளுன்னு இருக்கும்" என்றார். மொட்டைத் தலையில் மஞ்சள் சந்தனத்தோடு சென்னைக்குப் போய் இறங்கினேன்.

வார்டில் பெரிய டாக்டர் வந்து தலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"யாரு இதைச் செய்யச் சொன்னது?"

அண்ணிதான் முன்னால் வந்தார். "வேண்டுதலுங்க. நீங்க எப்படியும் மொட்டை அடிப்பீங்கன்னு..."

"நாங்க மொட்டையே அடிக்கிறதில்லம்மா. வெட்டுற இடத்துல ஒரு கோடு மாதிரி, மெஷின் வெச்சு எடுப்போம். அதுவும் அன்னிக்குக் காலையிலதான். மேல முடியை வாரி விட்டா தழும்புகூடத் தெரியாது. இப்ப தலை பூரா பிளேடு காயம். இதோட மண்டையைத் திறந்தா கிருமி உள்ள போய் மூளைக் காய்ச்சல் வரும். காயம் காயணும். தேதியைத் தள்ளி வெக்கிறேன்."

காத்திருப்பதில் என்ன ஆபத்து என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்தது. அழுத்தம் குறைய மருந்து கொடுத்து வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த மருந்துக்கு ஸ்டீராய்டு என்று பெயர். மூளையின் வீக்கத்தைக் குறைக்கும், அகோரப் பசி எடுக்கும், முகம் பூரி மாதிரி உப்பிவிடும். தினமும் ஒரு டாக்டர் வந்து விரலை அசைத்துக் காட்டி, எங்கே வரை தெரிகிறது என்று கேட்பார். நான் கட்டிலுக்கு எதிரே சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கண் விழித்ததும் முதலில் படித்துவிடுவேன். எழுத்து தெரிகிற வரைக்கும் டீச்சர் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணியோடு நான் பேசவில்லை. கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை, அவர் தட்டை நீட்டினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். இடுப்பு வரை முடி, ஒரு கோடு மட்டும் எடுத்திருந்தால் போதுமாம். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஏழுமலை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, காபி வாங்கி வருகிறேன் என்று கீழே போவார். ஒருநாளைக்கு எத்தனை காபிதான் வாங்குவார் மனிதர்.

ஒரு மத்தியானம் எழுந்து உட்கார்ந்ததும் சுவர்ப் பலகை அணைந்துவிட்டது. பழையபடி ஒரு நொடி இல்லை, இந்தத் தடவை நேரம் போய்க்கொண்டே இருந்தது. கையை நீட்டித் துழாவினேன், அண்ணியின் கை கிடைத்தது. பார்வை திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது அவர் முகம்தான். அழுது வீங்கிக் கிடந்தது.

"திட்டு மொழி. வாய்க்கு வந்தபடி திட்டு. திட்டிட்டு சாப்பிடு."

திட்டினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. கிழவி, அறிவு கெட்டவள், என் தலையில் ஏன் உன் வேண்டுதல் என்று எல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நானும் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தக் கணக்கு தீர்ந்தது.

அன்று சாயங்காலமே பெரிய டாக்டர் வந்து காயங்களைத் தடவிப் பார்த்தார். பொருக்கு உதிர்ந்திருந்தது. நாளைக் காலை என்றார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிந்தைய நாட்களையும் நான் மற்றவர்கள் சொல்லித்தான் எழுதுகிறேன். அதுதான் விஷயமே. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வந்து பெயர் கேட்டால் சரியாகச் சொல்வேனாம். என்ன வேலை என்றால் சரியாகச் சொல்வேனாம். இது எந்த இடம் என்று கேட்டால் மட்டும் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு என்பேனாம். இல்லம்மா, இது ஆஸ்பத்திரி என்று சொன்னால், "அப்ப ஏன் எல்லாரும் படுத்துனு இருக்காங்க, எழுந்து நிக்கச் சொல்லு" என்று அதட்டினேனாம். இதை ஏழுமலை இப்போதும் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் அவர்கள் நினைத்த அதே கட்டிதான். கதிர்வீச்சு இப்போது தேவையில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் தப்பித்தது. இந்த நல்ல செய்தியை எனக்குச் சொன்னார்கள், நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டிய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். மறுபடி சொன்னார்கள். மறுபடி சந்தோஷப்பட்டேன். ஏழுமலை ஒரு தடவைகூட "இப்பதானே சொன்னேன்" என்று சொல்லவில்லையாம். ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி மாதிரி, "எடுத்துட்டாங்க தேனு, பூரா எடுத்துட்டாங்க" என்று முகம் மலர்ந்து சொன்னாராம். பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் எனக்கு ஒரு பூ வாங்கிக் கொடுத்ததில்லை, இனிமேல் கொடுக்கவும் வேண்டாம்.

பணம் எப்படிப் புரண்டது என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இல்லை. புரண்டது.

ஊருக்கு வந்ததும் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தில் ஒரு கடை வைத்திருக்கலாம். அண்ணிக்கு ஒரு புதுச் சந்தேகம் வந்தது. பலன் கிடைக்கிறதுக்கு முன்னாடியே முடியைக் கொடுத்துவிட்டோமே, அது சேருமா, இல்லை முளைத்ததும் இன்னொரு தடவை கொடுக்க வேண்டுமா என்று. "உங்க முடிய குடுங்க அண்ணி, சாமி கணக்குல வரவு வெச்சுக்கும்" என்றேன். அவர் நிஜமாகவே கொடுத்துவிட்டு வந்தார்.

என் பழைய கணக்கெல்லாம் அப்படியே இருந்தது. சூத்திரம், தேற்றம், வாய்ப்பாடு எதுவும் போகவில்லை. கல்லூரியில் படித்ததுகூட வந்தது. ஆனால் காலையில் இட்லி சாப்பிட்டேனா தோசை சாப்பிட்டேனா என்று தெரியாது. ஒரு கணக்கைப் போட ஆரம்பித்து நிமிர்ந்து பார்த்தால், எங்கே நிற்கிறேன் என்று தெரியாது. மாதங்கள் போகப் போகக் குறைந்தது. பரிசோதனைக்குப் போனபோது பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ரொம்ப நல்ல ரிசல்ட்மா. சுத்தமா இருக்கு."

"அது உங்க ரிசல்ட் சார். என் ரிசல்ட் இன்னும் வரல" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த மறதியில் கொஞ்சம் இன்னும் குறையும், கொஞ்சம் தங்கிவிடும், பழகிக்கொள்ள வழி கண்டுபிடியுங்கள் என்றார். வேலையில் சேரலாம் என்று கடிதம் கொடுத்தார். என்ன வேலை என்று அதில் எழுதவில்லை.

வழி கண்டுபிடித்தேன். சமையலறைச் சுவரில் சாக்பீஸால் பாடம் நடத்தினேன், அண்ணிதான் மாணவி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண் போட வேண்டும், எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நின்றுபோனால் கடைசி எண்ணைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். "இன்னா கோணமோ, இன்னா கோட்டமோ, எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நீ நாலு போட்டுட்ட, அஞ்சு போடு" என்பார் அண்ணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. சுவர் பூரா முக்கோணம். வெள்ளையடிக்க வந்தவர் மந்திரத் தகடு எழுதியிருக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிடலாம். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உடம்பு முக்கியம் டீச்சர். கொஞ்ச நாளு லைப்ரரிய பாத்துக்கோங்க. சத்தம் இல்ல, டென்ஷன் இல்ல" என்றார்.

"கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள் சார்?"

அவர் மேசையைப் பார்த்தார். நூலகத்துக்குப் போனவர்கள் வகுப்புக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு பீரியட் கொடுங்கள், நீங்களே பின்னால் உட்கார்ந்து பாருங்கள், பிள்ளைகளுக்கு என்னால் நஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றினால் நானே நூலகச் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு. புதுப் பிள்ளைகள், ஒருத்தி பெயரும் எனக்கு நிற்காது. முடி இரண்டு விரற்கடை அளவு முளைத்திருந்தது. முக்காடு போடவில்லை, தழும்பு தெரியட்டும் என்று அப்படியே போனேன். தலைமையாசிரியர் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது என்று நிரூபிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முக்கோணம் வரைந்தேன். அதன் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டேன். கோணங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். பின்னால் ஒருத்திக்கு இருமல் வந்தது, திரும்பிப் பார்த்தேன், மறுபடி பலகைக்குத் திரும்பினேன்.

ஒன்றும் இல்லை. பலகையில் கோடு இருக்கிறது, குறி இருக்கிறது, எதை எதற்காகப் போட்டேன் என்பது போய்விட்டது. எண்ணைத் தேடினேன். பதற்றத்தில் எண்ணே போடாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இந்த மாதிரி இடத்தில் வாத்தியார்களுக்கு ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "மறுபடி முதல்லேர்ந்து பார்க்கலாம்" என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. டஸ்டரைக் கையில் எடுத்துவிட்டேன். இதைத் திருட்டுத்தனமாகச் செய்துதான் இங்கே நிற்க வேண்டும் என்றால், தினமும் திருட்டுத்தனமாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். டஸ்டரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினேன்.

"எனக்கு மூளையில ஆபரேஷன் ஆச்சு, உங்களுக்குத் தெரியும். இப்ப நடந்தது சில சமயம் எனக்கு நிக்காது. எங்க விட்டேன்னு மறந்துபோச்சு. நீங்கதான் சொல்லணும். இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கேன்?"

தலைமையாசிரியரின் நாற்காலி கிறீச்சிட்டது. நடு வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், இடது பக்கக் கோணம் ரெண்டும் சமம்னு போட்டீங்க. ஏன் சமம்னு சொல்லல."

"ஏன் சமம்?"

அவள் விழித்தாள். ஜன்னல் பக்கமிருந்து இன்னொருத்தி, "ஒன்றுவிட்ட கோணங்கள் டீச்சர், கோடு இணையா இருக்குதுல்ல" என்றாள்.

"வலது பக்கம்?"

இரண்டு மூன்று பேர் சேர்ந்து, "அதுவும் அப்படித்தான் டீச்சர்" என்றார்கள். ஒருத்தி எழுந்து வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக் குறித்தாள். தப்பான கோணத்தைக் குறித்தாள். வகுப்பே அவளைத் திருத்தியது. அவள் அழித்துச் சரியாகப் போட்டாள்.

"அப்ப மேல இருக்கிற மூணையும் சேர்த்தா?"

"நேர்கோடு டீச்சர். நூத்தியெண்பது."

மணி அடித்தது. தலைமையாசிரியர் என்னோடு வராந்தாவுக்கு வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நெஜமாவே மறந்துட்டீங்களா, இல்ல அதுங்களைப் பேச வெக்கிறதுக்காகக் கேட்டீங்களா?"

"நெஜமாவே மறந்துட்டேன் சார்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த லைப்ரரி..." என்று இழுத்தார்.

"லைப்ரரிக்கு வேற யாரையாவது பாருங்க சார். எனக்கு அடுத்த பீரியட் ஒன்பது பி. எந்த ரூம்னு மட்டும் சொல்லுங்க."